வழக்கு வந்த பிறகல்ல, வருமுன் வேண்டும் சட்ட வழிகாட்டல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், இந்தச் சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த வீட்டு உரிமையாளர்களிலும் சங்க நிர்வாகிகளிலும் பெரும்பாலானோர் அதன் ஒரு பிரிவைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை என்பதை, ஓர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பல குடியிருப்புகளின் நிர்வாகிகளோடு பேசிப் பழகும் நான் தொடர்ந்து கண்டுவருகிறேன். இது அவர்களுடைய அலட்சியத்தால் நேர்ந்ததல்ல. எளிய தமிழில், உரிய நேரத்தில், பிரச்சினை முற்றுவதற்கு முன்பே எடுத்துச் சொல்ல நம்மிடம் ஓர் ஏற்பாடு இல்லை. வீட்டுக்காரர்களும் சங்கங்களும் சிறு கடைக்காரர்களும் வழக்கறிஞரைத் தேடிப் போவது பெரும்பாலும் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான். அதற்குள் சட்டம் கொடுத்திருந்த கெடு கடந்திருக்கும், அல்லது எழுதி வாங்கியிருக்க வேண்டிய ஒரு காகிதம் வாங்கப்படாமலே போயிருக்கும். இந்தக் குறையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தங்கள் நாளிதழில் இடமளிக்க வேண்டுகிறேன்.

முதலில் சங்கங்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பழைய அடுக்ககச் சங்கங்கள் பல, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டவை. அவற்றின் துணை விதிகளை எடுத்துப் பார்த்தால், ஏதோ ஒரு மனமகிழ் மன்றத்துக்கோ நற்பணி மன்றத்துக்கோ எழுதப்பட்ட விதிகளைப் பெயரை மட்டும் மாற்றிப் படியெடுத்திருப்பது தெரியும். பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தபட்ச வருகை எவ்வளவு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர் எப்படி வாக்களிப்பது, ஒரே வீட்டைக் கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கியிருந்தால் வாக்கு ஒன்றா இரண்டா, பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா வீட்டுக்கு இவ்வளவு என்று வைப்பதா என்பன போன்ற, நாளை சண்டையாக வெடிக்கப்போகும் கேள்விகள் எவற்றுக்கும் அந்த விதிகளில் விடை இருக்காது. புதிய சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் இருந்தால் பழுதடைந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழியுண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளான கட்டடங்களில் குடியிருப்போருக்கு இது பெரிய மாற்றம். ஆனால், அந்த ஒப்புதல் முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில், முறையான தீர்மானமாகப் பெறப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படத்தைப் போட்டுச் சம்மதம் தெரிவித்ததை நம்பி, பல கோடி மதிப்புள்ள மனையை ஒரு கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியுமா? ஏற்கெனவே பழைய சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் இப்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அரசே தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு, ஒவ்வொரு சங்கத்துக்கும் சேர்ப்பித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சங்கங்கள் அன்றாடம் சந்திக்கும் சிக்கல் பராமரிப்புக் கட்டண நிலுவை. ஓர் உரிமையாளர் மாதக்கணக்கில் பணம் கட்டவில்லை என்றால், கோபத்தில் இருக்கும் செயற்குழுவுக்கு முதலில் தோன்றுவது அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவதுதான். தண்ணீர் பெறும் உரிமையை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியாக நீதிமன்றங்கள் கருதிவந்துள்ளன. ஆகவே, தண்ணீரை நிறுத்திய மறுநாளே பணம் கட்டாதவர் பாதிக்கப்பட்டவராகவும், பணம் கேட்ட சங்கம் குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பாகவும் மாறிவிடுகின்றன. முறையான வழி வேறு: நிலுவைக் கணக்கை எழுத்தில் அனுப்ப வேண்டும், வட்டி விதிக்க வேண்டுமென்றால் அதற்குத் துணை விதியில் இடமிருக்க வேண்டும், அதன்பின் வழக்கறிஞர் அறிவிப்பு, மக்கள் நீதிமன்றம், தேவைப்பட்டால் உரிமையியல் வழக்கு என்று செல்ல வேண்டும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கால வரம்பு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி இத்தகைய நிலுவைத் தொகையை வசூலிக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் கையெழுத்திட்டு நிலுவையை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் வாயால் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரு நாள்கூட நீளாது. 'நம்ம வீட்டுக்காரர்தானே, எங்கே போய்விடப் போகிறார்' என்று ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்த சங்கங்கள், பழைய நிலுவையின் பெரும்பகுதியைச் சட்டப்படி கேட்கவே இயலாத நிலையில் நிற்பதை நான் அறிவேன்.

கட்டுமான நிறுவனத்திடமிருந்து குடியிருப்பைப் பொறுப்பேற்கும் காலம் இன்னும் நுட்பமானது; இழப்பு மிகுதியாக நேருவதும் இங்கேதான். 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தை எல்லோரும் ரெரா என்று பெயரளவில் அறிந்திருக்கிறார்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை தென்பட்டு, அது நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், கூடுதல் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதன் 14-ஆம் பிரிவு கூறுகிறது. உள்ளூர்ச் சட்டம் வேறு கெடு விதிக்காவிட்டால், கட்டடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி கட்டி முடிக்கப்பட்டது என்ற நிறைவுச் சான்று கிடைத்த 30 நாட்களுக்குள் வரைபடங்களையும் பொதுப் பகுதிகளுக்கான ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 17-ஆம் பிரிவு. சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நடத்தும் கடமையும் நிறுவனத்தையே சாரும். இவை எவ்வளவு வலுவான உரிமைகள்! ஆனாலும் நடப்பது என்ன? புதுவீட்டு மகிழ்ச்சியில் இருக்கும் உரிமையாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். நிறுவனத்தின் மேலாளர் நீட்டும் 'ஒப்படைப்புக் கடித'த்தில், 'அனைத்தும் திருப்தியாக உள்ளன' என்ற வரியின் கீழ் நான்கைந்து பேர் கையெழுத்திடுகிறார்கள். மின்தூக்கிக்கான உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, கழிவுநீர்க் குழாய்களின் வரைபடம், மோட்டார்களின் உத்தரவாத அட்டைகள், முன்வைப்பு நிதியின் கணக்கு ஆகியவற்றில் எது வந்தது, எது வரவில்லை என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இருக்காது. இரண்டாம் மழைக்காலத்தில் அடித்தளத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கும்போது, அந்தத் 'திருப்தி'க் கடிதத்தைத்தான் நிறுவனம் முதலில் எடுத்து நீட்டும். அந்த ஒரு கடிதத்தை மட்டும் கையெழுத்துக்கு முன்பு ஒரு வழக்கறிஞரும் ஒரு கட்டடப் பொறியாளரும் பார்த்திருந்தால் போதும். அதற்கு ஆகும் செலவு, வீட்டுக்கு வீடு பிரித்தால் பெரிதாக இருக்காது.

வாகன நிறுத்துமிடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களும் மொட்டை மாடியும் பொதுப் பகுதிகள் என்று ரெரா சட்டமே வரையறுத்திருக்கிறது. மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் உள்ள இடத்தைத்தான் அச்சட்டம் வாகனக் கொட்டகை என்று தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்கும் முன்பே, 2010-இல், மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் எழுந்த நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில், தூண்களுக்கிடையே உள்ள நிறுத்துமிடத்தைக் கட்டுமான நிறுவனம் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும், திறந்தவெளியில் கோடு போட்டு எண் எழுதிய இடத்துக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. விற்பனைப் பத்திரத்தில் அந்த இடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு, அந்தப் பங்குகளையெல்லாம் கூட்டினால் முழு மனை வருகிறதா என்று பதிவுக்கு முன்பே பார்த்துச் சொல்ல ஆளில்லாததன் விளைவு இது.

எங்கே முறையிடுவது என்பதிலும் தடுக்கி விழ வாய்ப்புண்டு. ரெரா சட்டத்தின் 31-ஆம் பிரிவின்கீழ் வீடு வாங்கியோரின் சங்கமே புகார் அளிக்கலாம். ஆனால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது நிலைமை வேறு. கர்நாடக அடுக்ககச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒரு சங்கம் தொடுத்த வழக்கில், சட்டத்தின் கட்டாயத்தால் உருவான உரிமையாளர் சங்கத்தைத் 'தன்னார்வ நுகர்வோர் சங்கம்' எனக் கொள்ள முடியாது, ஆகவே அது அந்தப் பெயரில் நுகர்வோர் புகார் தொடுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறிவிட்டது. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட உரிமையாளர்கள் சேர்ந்து கூட்டுப் புகார் அளிக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. வாசல் எது என்று தெரியாமல் தவறான இடத்தில் மனுவைப் போட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து 'உங்களுக்கு இங்கே வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை' என்ற பதிலைப் பெற்றுத் திரும்புவது எத்தனை பெரிய வேதனை! அதற்குள் நுகர்வோர் சட்டத்தின் இரண்டாண்டுக் கெடுவும் ரெராவின் ஐந்தாண்டுப் பொறுப்புக் காலமும் கரைந்துபோயிருக்கும்.

இனி நான் சொல்லப்போவது பணத்தைப் பற்றியதல்ல, மனித உயிரைப் பற்றியது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முதன்மையான காரணமும் அதுவே. கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், சங்கத்தின் பொருளாளர் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லி, இரண்டு பேரை வரவழைத்து உள்ளே இறக்கிவிடுவது இன்றும் நின்றபாடில்லை. 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவுகளை மனிதர் அகற்றும் பணிக்கான தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமாகத் துப்புரவு செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணியமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை என்றால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை. இது பிணையில் விட முடியாத குற்றம். 'மறைமுகமாக' என்ற சொல்லை ஒவ்வொரு சங்க நிர்வாகியும் நினைவில் கொள்ள வேண்டும். 'நாங்கள் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தோம், ஆளை இறக்கியது அவர்' என்ற பதில் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்காது. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. எந்தத் தொகையும் நச்சு வாயுவில் மூச்சடைத்து இறந்த ஒருவரைத் திருப்பித் தராது. எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, அந்தப் பொருளாளர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர் என்பதுதான். ஓய்வூதியத்தில் வாழும், அண்டைவீட்டாருக்கு உதவும் எண்ணத்தில் சம்பளமில்லாப் பொறுப்பை ஏற்ற நல்லவர்கள் அவர்கள். உறிஞ்சு வாகனத்தை அழைத்து இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும், எந்தச் சூழலிலும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது, அதை ஒப்பந்தத்திலும் எழுதியிருக்க வேண்டும் என்று பொறுப்பேற்ற முதல் நாளே அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் அநாதையாகியிருக்காது. சங்கப் பதிவின்போதே இந்த ஒரு சட்டத்தைத் தமிழில் அச்சிட்டு நிர்வாகிகளின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு கொடுப்பதைப் பதிவு அலுவலகம் கட்டாயமாக்க வேண்டும்.

வரி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் செலுத்தும் மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாய் வரை இருந்தால் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அதைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத வரி வரும். தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் மத்திய அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. 7,500-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. மாதம் 8,000 ரூபாய் செலுத்தும் ஒருவருக்கு முதல் கணக்கில் வரி 1,440 ரூபாய், இரண்டாம் கணக்கில் 90 ரூபாய். இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, எந்த அடிப்படையில் வசூலிக்கிறோம் என்பதைத் தணிக்கையாளரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறாமல் எந்தச் சங்கமும் இரசீது போடக் கூடாது.

தனி வீட்டு உரிமையாளர்களுக்கு வருகிறேன். வீட்டையோ கடையையோ வாடகைக்கு விடுவோர் இன்னும் பதினோரு மாத ஒப்பந்தம், இருபது ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி கையெழுத்து என்ற பழைய பழக்கத்திலேயே இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்பாக இருந்தாலும் வணிக இடமாக இருந்தாலும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. வாடகைதாரரோடு மனக்கசப்பு வந்தால் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தும் அதிகாரம் உரிமையாளருக்கு இல்லை என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் கடை நடத்தும் சிறு வணிகர் ஒருவரின் தொழில் முழுவதும் அந்தக் கடையின் வாசலோடு கட்டுண்டது. உரிமையாளர் இறந்து வாரிசுகள் வந்து 'அடுத்த மாதமே காலி செய்யுங்கள்' என்றால், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் ஒன்றுதான் அவருக்குத் துணை நிற்கும். அட்வான்ஸ் தொகையை ரொக்கமாகக் கொடுத்து இரசீது வாங்காதவருக்கு அந்தத் துணையும் இல்லை. உரிமையாளருக்கும் இதே நிலைதான்: பதிவில்லாமல் குடியமர்த்திய வாடகைதாரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது, வாடகை எவ்வளவு, கெடு எது என்பதை நிரூபிக்கவே அவருக்குப் பாதிக்காலம் போய்விடும்.

சிறு தொழில் செய்வோர் படும் பாட்டில் பெரும்பகுதி வராத பணத்தைப் பற்றியது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்துமூல உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. உடன்பாடே இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கணக்கிடப்படும். வசதிச் சபை என்னும் மன்றத்தில் முறையிடலாம். அங்கே தோற்ற வாங்குநர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை எதிர்க்க வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் எதிர்க்க முடியும். அச்சகமோ பட்டறையோ தையற்கூடமோ நடத்தும் ஒருவருக்கு இதைவிட வலிமையான பாதுகாப்பு வேறில்லை. ஆனால், பொருள் கொடுப்பதற்கு முன்பே, இத்தகைய நிறுவனங்களுக்கான உதயம் என்னும் அரசுப் பதிவை எடுத்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பை உறுதியாக நம்பலாம். மேலும், வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வணிகர்கள் 2021 முதல் உதயம் பதிவு பெறலாம் என்றாலும், அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே தரப்பட்டது. தாமதப் பணத்துக்கான வட்டிப் பாதுகாப்பு அவர்களுக்கு அதனால் வருவதில்லை. இந்த நுணுக்கத்தை அறியாமல், கையில் இருக்கும் பதிவுச் சான்றை நம்பிப் பெருந்தொகைக்குக் கடனில் சரக்குக் கொடுக்கும் வணிகர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

அப்படிப்பட்ட வணிகரிடம் மிஞ்சுவது காசோலைதான். அது திரும்பி வந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் கொடுக்க 15 நாள் அவகாசம். அது முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இந்த வரிசையில்தான் இயங்குகிறது. புகார் தாக்கல் செய்வதில் தாமதமானால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கேட்கலாம். அறிவிப்புக்கான 30 நாளைத் தவறவிட்டால் அந்த வழி இல்லை. 'பத்து நாளில் தருகிறேன் அண்ணாச்சி' என்ற வாய்மொழியை நம்பிக் காத்திருந்து கெடுவைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எந்த வணிகர் சங்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் வழிகாட்ட அமைப்பே இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆணைக்குழுவும் வட்ட அளவில் குழுக்களும் செயல்படுகின்றன. சட்ட உதவி கேட்க 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பொதுச் சேவை மையங்கள் வழியாக, தொலைவிலிருந்தே வழக்கறிஞரின் ஆலோசனை பெறும் டெலி-லா திட்டம் நடக்கிறது. அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் அனைவரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். சிறு கடை நடத்தும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் இந்த உரிமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் தகுதி வரம்பே இல்லை. எவரும், வழக்குத் தொடுப்பதற்கு முன்பேகூட, அங்கே பிரச்சினையைக் கொண்டுபோகலாம். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு இல்லை. பராமரிப்பு நிலுவைக்கும் வாடகைத் தகராறுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் எது? 2023-ஆம் ஆண்டு சமரசச் சட்டத்திலும், ஒரு பகுதியில் வாழ்வோரின் அமைதியைக் குலைக்கும் பூசல்களுக்கான சமூக சமரசத்துக்கென்றே தனி அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

இருந்தும், இந்த அமைப்புகள் பெரும்பாலும் குடும்ப வழக்குகளையும் விபத்து வழக்குகளையும் மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. ஓர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளரோ, நான்கு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரோ, 'இந்தக் காகிதத்தில் கையெழுத்திடலாமா?' என்று கேட்டுச் செல்ல வேண்டிய இடமாக அவை அமையவில்லை. சட்ட விழிப்புணர்வு முகாம் என்றால் ஒரு மேடை, ஒரு பதாகை, சில உரைகள் என்று முடிந்துவிடுகிறது. நான் கேட்பது அதுவல்ல. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாநகராட்சி வட்டார அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ சொத்துச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு தணிக்கையாளரும் சில மணி நேரம் அமர்ந்து, வருவோர் கொண்டுவரும் ஆவணத்தைப் படித்துப் பார்த்து, எழுத்தில் இரண்டு வரி ஆலோசனை கொடுத்தால் போதும். அதற்கு ஒரு சிறு கட்டணம் வைத்தாலும் மக்கள் மகிழ்ச்சியோடு செலுத்துவார்கள்.

சங்கங்களின் கடமையையும் சொல்லாமல் விடக் கூடாது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கட்டண உயர்வு, நிறுத்துமிடப் பங்கீடு போன்றவற்றில் அவரும் ஒரு தரப்பு. சங்கத்தின் வழக்கறிஞர் சங்கத்துக்கு மட்டுமே பொறுப்பானவராக இருக்க வேண்டும். தனி உறுப்பினரின் பக்கத்தையோ செயற்குழுவில் ஒரு பிரிவின் பக்கத்தையோ எடுப்பவராக இருக்கக் கூடாது. ஆகவே, வெளியிலிருந்து ஒருவரை ஆண்டுக் கட்டணத்தில் அமர்த்தி, வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவிடுவதே முறை. வண்ணப்பூச்சுக்கும் ஆண்டு விழாவுக்கும் தயங்காமல் ஒதுக்கும் பொதுக்குழு, இதற்கு மட்டும் 'நமக்கு எதற்குக் கோர்ட்டும் வக்கீலும்' என்று கேட்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆலோசனை எதுவானாலும் எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த செயற்குழுவுக்கு அதுவே சொத்து. இணையத்தில் கிடைக்கும் ஒப்பந்தப் படிவங்களை அப்படியே அச்செடுத்துக் கையெழுத்திடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: அவற்றில் பல வேறு மாநிலச் சட்டத்துக்கு எழுதப்பட்டவை, கர்நாடகத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பொருந்துவது தமிழ்நாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

தமிழ்நாடு அரசுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும், மாதிரித் துணை விதிகளோடு கூடிய தமிழ்க் கையேட்டை வெளியிட்டு, சங்கப் பதிவின்போது இலவசமாக வழங்க வேண்டும். வீடு ஒப்படைக்கும் நாளில் கட்டுமான நிறுவனம் சங்கத்திடம் தர வேண்டிய ஆவணங்களின் பட்டியலை ஒரே படிவமாக வகுத்து, அந்தப் படிவம் இல்லாத ஒப்படைப்புக் கடிதம் செல்லாது என்று அறிவிக்க ரெரா ஆணையத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் மேலே கூறிய மாதாந்திர ஆலோசனை மேசையை, மாவட்டத்துக்கு ஒன்றாவது, சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடங்க வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரம் ஒரு நாள், வாசகர்களின் சொத்து, சங்க, வணிகக் கேள்விகளுக்குத் தகுதிவாய்ந்த வழக்கறிஞர்கள் சட்டப் பிரிவைச் சுட்டி விடையளிக்கும் பகுதி ஒன்றைத் தாங்கள் தொடங்கினால், முதல் வாரத்துக்கான கேள்விகளைத் தொகுத்து அனுப்ப எங்கள் பகுதியின் அடுக்ககச் சங்கங்கள் சார்பில் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அடுக்ககச் சங்கம் ஒன்றின் செயலாளர்